எங்கும் தங்காத பலகை

போன இடத்தில் எல்லாம் ஒட்டாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது அந்த ஒரு பலகை. செம்மேடு குடியிருப்பில் இருந்து கிளம்பி நூலகத் தோட்டத்துக்குப் போனது; அங்கே அதை யாரும் சீந்தவில்லை. கடற்கரை ரயில் நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே கதை. பிறகு காய்கறிச் சந்தை. சுமை தூக்குகிறவர்கள் உட்கார இடமில்லாமல் வெயிலில் நிற்க, இது மட்டும் காலியாகக் கிடந்து மறுபடியும் லாரி ஏறியது. புகுந்த வீட்டில் ஒட்டாத பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல நகர வாரிய அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ராசியில்லாத பலகை என்றுகூட ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

இளவேனிலுக்குச் சுருக்கென்றது. அந்தப் பலகைகளைக் கோத்து எழுப்பிய மரக்கூடங்களை வரைந்தவள் அவள். சிமெண்ட் கட்டடங்கள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் கக்கிக்கொண்டிருந்த நகரத்தில், ஏழை ஜனங்கள் காற்றாட உட்கார ஓர் இடம் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்துச் செய்தது. மலைவேம்பு மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, அழுத்தி ஒட்டி, ஒரு கட்டில் அளவுக்குப் பலகைகளாக்கி, ஆணி இல்லாமல், பள்ளமாக வெட்டிய காடியும் அதில் செருகும் முளையுமாகக் கோத்தது. வேண்டும்போது கோக்கலாம், வேண்டாதபோது பிரிக்கலாம். கூட்டம் நெருக்கினால் கூடம் தானாகவே விரியும், கலைந்தால் சுருங்கும்.

அதோடு நின்றிருந்தால் அவள் ஒரு நல்ல தச்சன் செய்கிற வேலையைத்தான் செய்திருப்பாள். அவள் பலகைக்குள் உணர்வையும் வைத்தாள். தன் மேல் யாராவது உட்கார்கிறார்களா என்று ஒவ்வொரு பலகைக்கும் தெரியும். ஒரு மாதம் யாரும் உட்காரவில்லை என்றால் அதன் முளைகள் தாமாகவே தளர்ந்துகொள்ளும். லாரி வந்து எடுத்துக்கொண்டு, ஜனங்கள் இடமில்லாமல் நிற்கிற இன்னொரு கூடத்தில் கொண்டுபோய்க் கோத்துவிடும். மரம் கொஞ்சம், வெயில் நிறைய, ஜனம் அதைவிட நிறைய. ஒரு பலகைகூடச் சும்மா கிடக்கக் கூடாது என்பதுதான் அவள் கணக்கு.

துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஊர் இது என்பது அவளுக்குத் தெரியாதா? துண்டையும் பையையும் மூட்டையையும் பலகை மதிக்காது. மூச்சு விடுகிற பாரம் மட்டுமே அதற்குக் கணக்கு.

கோட்டப் பொறியாளர் தாமோதரன்தான் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர். குரலை உயர்த்தியே பேசத் தெரியாதவர். இப்போது அந்தப் பலகை மகப்பேறு மருத்துவமனை வாசலில் இருக்கிறது என்றும், அங்கேயும் அப்படியேதான் கிடக்கிறது என்றும் சொன்னார். இதுவும் வேண்டாம் என்றால் அடுத்த இடம் கிடையாது.

"அரவைக்குப் போயிடும் மேடம். தூளாக்கிப் புதுப் பலகைக்குச் சேர்த்துடுவாங்க. ரூல் நீங்க எழுதினதுதான்."

பலகையின் உணர்வு கெட்டிருக்கும் என்றுதான் இளவேனில் நினைத்தாள். ஆட்கள் உட்கார்ந்தாலும் அதற்குத் தெரியவில்லை போலிருக்கிறது. நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு வியாழக்கிழமை கிளம்பிப் போனாள்.

மருத்துவமனை வாசல் கூடத்தில் திருவிழாக் கூட்டம். ஃபிளாஸ்க்கும் கூடையுமாக மாமியார்கள், உள்ளே இருந்து பெயர் கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு இளம் புருஷன்கள், எந்தக் கவலையும் இல்லாமல் குறட்டை விடுகிற ஒரு தாத்தா. அத்தனை நெரிசலிலும் கடைசி வரிசையில் ஒரு பலகை துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. அதன் ஓரமாக, வெறும் சிமெண்ட் தரையில், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு டிபன் டப்பா.

இளவேனில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். ஒருவர் உட்காரப் போனார். அந்தப் பெண் என்னவோ சொன்னாள். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அடுத்து ஒரு பாட்டியும் பேத்தியும். அவர்களிடம் வேறு என்னவோ சொல்லி முகத்தைச் சுளித்துக் காட்டினாள். பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். உணர்வு கெடவில்லை, காவல் இருக்கிறது என்று இளவேனிலுக்குப் புரிந்தது. அருகில் போய், ஒன்றும் தெரியாதவள்போல உட்காரப் போனாள்.

"உக்காராதீங்க மேடம். ஈரமா கீது."

இளவேனில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "காஞ்சுதானே இருக்கு?"

"உங்க கண்ணுக்குக் காஞ்சிருக்கு."

அந்தப் பதிலுக்குப் பிறகு இளவேனிலுக்கு நிற்கத் தோன்றவில்லை. புடவை அழுக்காவதைப் பார்க்காமல் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அது அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருக்க வேண்டும். டப்பாவைத் திறந்து எலுமிச்சம் சாதத்தை நீட்டினாள்.

பெயர் தேசம்மா. செம்மேடு குடியிருப்பில் பதினாலாவது மாடி. ஆற்றங்கரையில் இருந்து எழுப்பிக் கொண்டுபோய் வைத்த ஜனங்களில் ஒருத்தி. ஒரு ஓட்டலுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற வேலை. வியாழன் லீவு. வியாழன்தோறும் பஸ் ஏறி இந்தப் பலகையைத் தேடி வருவதுதான் வேலை. மற்ற நாட்களில் இங்கே பூ விற்கிற பெண்ணிடமும் வாட்ச்மேனிடமும் கெஞ்சி, யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். லாரி ஓட்டுகிறவர் அவள் பிளாக்குக்காரர்தான். பலகை ஓரத்தில் சுட்டிருக்கும் நம்பரை வைத்து, எங்கே இறக்கினேன் என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவார்.

"சந்தையில வாந்தின்னு சொல்லுவேன். ஸ்டேஷன்ல பெயின்ட்டுன்னு சொல்லுவேன். நெசத்தச் சொன்னா ஒரு வார்த்தையில எழுந்து போய்டுவாங்க. ஆனா இது புள்ளை பொறக்கற எடம். இங்க போயி அந்த வார்த்தைய எப்டி சொல்றது?"

தேசம்மா தானாகவே சொன்னாள்.

ஒரே மகள், ரோஷிணி. பதினேழு வயது. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இருந்து துணி சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் செம்மேட்டுக்கு வந்து நின்ற பிறகுதான், அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் யோசிக்காத ஒன்று தெரிந்தது. லிப்ட் நான்கு பேர் நிற்கிற அளவு. படுக்கவைக்க முடியாது. மாடிப்படியின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் வளையாது. நிற்கவைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு ஏற்றிவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள்.

"எம் பொண்ண நிக்க வச்சியா ஏத்துவீங்கன்னு கத்தினேன். அப்பதான் கீழ் வீட்டு அண்ணன், ஏன் மேல போகணும், நம்ம கூடம் இல்லையான்னாரு. மரப்பலகைல தெக்கால தலை வச்சி படுக்க வச்சோம். நல்லா தூங்கறா மாதிரி இருந்துச்சி. காலைலேர்ந்து தூக்கற வரிக்கும் அந்தப் பலகையிலயே, அவமேல கையப் போட்டுக்கினு நானும் படுத்துக்கினேன். யாரும் எழுப்பல."

நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசுக்கு அலைந்த அலைச்சலையும் சொன்னாள். காசு புழக்கத்தில் இருந்து போய் எத்தனை காலம்? ஆறு பிளாக் ஏறி இறங்கி, கடைசியில் யாரோ ஒருவர் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒட்டிவைத்திருந்ததைப் பெயர்த்துக் கொடுத்தார். பாடையில் வைக்கத் தூக்கும்போது அது எங்கேயோ விழுந்து உருண்டுவிட்டது. தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. வெறும் நெற்றியோடு போய்விட்டாள் என்பது தேசம்மாவுக்கு இன்னும் ஆறாத குறை.

செம்மேட்டில் அதற்குப் பிறகு அந்தப் பலகையை யாரும் மிதிக்கவில்லை. கருமாதி முடிந்தும் மிதிக்கவில்லை. சின்னப் பெண் படுத்த இடம் என்று சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் ஆனது. முளை தளர்ந்தது. லாரி வந்தது.

"இன்னா தப்பு பண்ணோம்னு எடுத்துக்கினு போனாங்கன்னே தெரியல மேடம். போற எடத்துலயும் வச்சிருக்க மாட்டேங்கறாங்க. யாரு மேல கோவமோ."

அந்தக் கூடத்தை வரைந்தது தான்தான் என்று இளவேனில் சொன்னாள். கோபமும் இல்லை, தண்டனையும் இல்லை, காலியாகக் கிடந்தால் அது தானாகக் கிளம்பிவிடும் என்று சொன்னாள். மரியாதைக்காக விட்ட இடமா, வேண்டாம் என்று விட்ட இடமா என்று பலகைக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கத் தனக்குத் தோன்றவில்லை என்றும் சொன்னாள்.

தேசம்மா டப்பாவை மூடி வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப, நான் காவல் காக்கறதாலதான் அது போவுதா?"

"ஆமாம்மா."

உள்ளே இருந்து யாரோ ஒரு நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். ஒரு குடும்பமே எழுந்து ஓடியது.

இளவேனில் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தாள். இந்த மாதம் முடிவதற்குள் இதன் மேல் யாராவது உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அரவை. உங்களுக்கு மனசு வராவிட்டால் நான் வந்து உட்காருகிறேன். தினம் வருகிறேன்.

"நான் உக்காந்தா இன்னா, நீ உக்காந்தா இன்னா?" மேடம் என்பது போய் 'நீ' வந்துவிட்டது. "எம் பொண்ணு நெஞ்சு மேல உக்காந்து அவள காப்பாத்தச் சொல்றியா? மிதிச்சி வச்சிக்கறதுக்கு, போறதே மேலும்மா."

இளவேனில் வாரியத்துக்குப் போய்த் தாமோதரனிடம் மன்றாடினாள். ஒரே ஒரு பலகைக்கு விலக்கு. அதைச் செம்மேட்டிலேயே கொண்டுபோய்க் கோத்துவிட்டு, காலியாக இருந்தாலும் முளை தளராமல் பூட்டிவிடலாம். அவர் முழுவதும் கேட்டார். இரக்கம் இல்லாதவர் இல்லை. தன் அப்பா கடைசி நாட்களில் உட்கார ஒரு பெஞ்சு இல்லாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே இருந்ததை அவர் அப்போதுதான் முதல் முறையாக அவளிடம் சொன்னார்.

"செத்தவங்க இல்லாத வீடு எது மேடம்? ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஒவ்வொரு பலகையிலயும் ஒரு விளக்கு எரியும். அப்புறம் உயிரோட நிக்கறவன் எங்க உக்காருவான்?"

அந்த வாதத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே இளவேனில்தான். முதல் கூடத்தைத் திறந்த விழாவில் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தாள்.

திருட்டுத்தனமாகப் போய் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். மருத்துவமனை வாசல்வரை போனாள். வாட்ச்மேன், "ஈரம்மா, அங்க வேணாம்" என்றார். அதில் இருந்த பயபக்தியைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

மாதம் முடிந்தது. லாரி வந்தது. பலகை அரவைக்குப் போயிற்று என்று தாமோதரன் தகவல் அனுப்பினார். கூடவே வருத்தம் என்று ஒரு வார்த்தையும் சேர்த்திருந்தார்.

அடுத்த வியாழன் காலை இளவேனில் செம்மேட்டுக்குப் போனாள். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாது. தேசம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அடுக்குமாடிகளின் நிழல் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தது. நடுவில் அவளுடைய மரக்கூடம். எல்லாக் கூடங்களிலும் ஜனங்கள் அதிகம் புழங்குவது இதுதான் என்று வாரியம் பரிசுகூடக் கொடுத்திருந்தது. கேரம் போர்டு, பூக்கட்டுகிற பெண்கள், தூளியில் ஒரு குழந்தை, பேப்பரை உரக்க வாசிக்கிற ஒருவர், அதற்கு மறுப்புச் சொல்கிற இன்னொருவர்.

ரோட்டோர முன்வரிசையில், பஸ் வருவதைப் பார்க்க வசதியான முதல் பலகையில், தேசம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே டப்பா.

"வாம்மா," என்றாள். கோபம் இல்லை. "போய்ட்டா. தெரியும். லாரிக்காரு சொன்னாரு." நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு. இங்க நல்லா காத்து வரும்."

இளவேனில் உட்கார்ந்தாள். எங்கே கிளம்பியிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எங்கயும் இல்ல. போக எடம் ஏது இனிமே? வியாழக்கெழமன்னா கால் தானா இங்க வந்து நிக்குது. அவளப் பாக்கப் போற பஸ்ஸுக்கு இத்தினி மாசம் இந்தப் பலகையிலதான் உக்காந்துக்கினு இருந்தேன். இங்க உக்காந்தா மனசு கொஞ்சம் அடங்கும். ஏன்னு தெரியல. காத்துக்குன்னு நெனச்சிக்கறேன்."

மன்னிப்புக் கேட்க இளவேனில் வாயெடுத்தாள். தேசம்மா கையை ஆட்டி நிறுத்திவிட்டாள். அவளுக்கு மகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. விட்ட இடத்தில் இருந்து தொடர்வதுபோல அன்றைய கதையைத் தொடர்ந்தாள். ஊரே கூடிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் யூனிபார்மோடு வந்து நின்றார்கள். கூட்டம் நெருக்க நெருக்கக் கூடம் தானாகவே விரிந்து இடம் கொடுத்ததைக் கண்டு எல்லோரும் அந்த அழுகையிலும் ஆச்சரியப்பட்டார்கள். சாயங்காலம் ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் இடத்தைக் கழுவிவிட்டுக் குளிக்கப் போனார்கள்.

"அத்தினி பேரும் மேல போயி குளிச்சிட்டு, ஈரத் தலையோட திரும்பி வந்து வெளக்கு வச்சோம். அதுக்குள்ள கூடம் பழையபடி சுருங்கிக்கினு சின்னதா ஆயிடுச்சி. நல்ல வேளை, தூண்லேர்ந்து மூணாவது பலகைன்னு காலைலயே மனசுல வச்சிருந்தேன். எண்ணிப் பாத்து அதும் மேல வெளக்க வச்சேன்."

இளவேனில் தான் உட்கார்ந்திருந்த பலகையைக் குனிந்து பார்த்தாள்.

பெருங்கூட்டம் கலைந்து கூடம் சுருங்கும்போது பலகைகள் பழைய வரிசைக்குத் திரும்புவதில்லை. பகலெல்லாம் ஆள் சுமந்த மரம் வியர்வை குடித்திருக்கும், அதற்குக் காற்று வேண்டும். அன்றைக்கு அதிக நேரம் பாரம் தாங்கிய பலகை அடிச்சட்டத்தில் வழுக்கிக்கொண்டு ரோட்டோர முன்வரிசைக்கு வந்துவிடும். சும்மா இருந்தது உள்ளே போகும். இதுவும் அவள் செய்த ஏற்பாடுதான். ஜனங்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு நைசாக நகரும் என்று பெருமைப்பட்டுக்கொண்ட ஏற்பாடு.

மூச்சில்லாத பாரத்தைப் பலகை கணக்கில் எடுத்திருக்காது. ரோஷிணி அதற்கு ஒரு மூட்டை. ஆனால் அவள் மேல் கையைப் போட்டுக்கொண்டு ஒரு தாய் பொழுதெல்லாம் படுத்திருந்தாள். அந்தத் தாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வேறு எந்தப் பலகையும் அவ்வளவு நேரம் சுமந்திருக்க முடியாது.

தேசம்மா பேசிக்கொண்டே இருந்தாள். இளவேனிலின் விரல்கள் பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு போயின. பக்கத்துப் பலகையோடு சேருகிற காடியின் இடுக்கில், தெற்குப் பக்கமாக, நகத்தில் ஏதோ தட்டியது. வட்டமான விளிம்பு. குளிர்ச்சியாக இருந்தது. இந்தக் காலத்தில் யாருடைய பையிலும் இருக்காத ஒன்று.

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"ஏன் எழுந்துட்டே?"

சொல்லிவிடலாம். உங்கள் மகள் அரவைக்குப் போகவில்லை அம்மா, போனது எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு பலகை. அவள் இந்த ஊரைவிட்டு ஒரு நாளும் போகவில்லை. அவளைத் தேடிப் போகிறேன் என்று நீங்கள் கிளம்பிய ஒவ்வொரு வியாழனும் பஸ் வரும்வரை அவளோடுதான் இருந்தீர்கள். காசும் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் போதும். தேசம்மாவின் முகம் எப்படி மாறும் என்பதைக்கூட அவளால் பார்க்க முடிந்தது.

அதற்கடுத்ததையும் பார்க்க முடிந்தது. தேசம்மா பதறி எழுவாள். இதன் மேலா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்று மாரில் அடித்துக்கொள்வாள். விளக்கு வரும். கேரம் ஆடுகிறவர்கள் தள்ளிப்போவார்கள். செம்மேடு முழுக்க இந்தப் பலகையைச் சுற்றிக்கொண்டு நடக்கும். ஒரு மாதம். முளை தளரும். லாரி வரும்.

மிதிச்சி வச்சிக்கறதுக்கு, போறதே மேலும்மா. அந்தக் குரல் இன்னும் காதில் இருந்தது.

"என்னம்மா, எறும்பு கடிச்சிச்சா?"

"இல்லம்மா. கால் மரத்துப்போச்சு."

"அதான் சொல்றேன், உக்காரு. நின்னா போயிடுமா?"

இளவேனில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். யாரும் இங்கே செருப்பைக் கழற்றுவதில்லை என்று தேசம்மா சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்திருப்பாள் போலிருந்தது, அந்தச் சிரிப்பு அவளுக்கே பழக்கமில்லாமல் பாதியில் நின்றது. இளவேனில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல, தூங்குகிறவர் கட்டிலில் உட்காருவதுபோல, உட்கார்ந்தாள். பிறகு பிடித்த மூச்சை விட்டாள். விடாவிட்டால் பலகைக்குத் தெரியாது.

தேசம்மா டப்பாவைத் திறந்து நீட்டினாள். ரோஷிணிக்கு எலுமிச்சம் சாதத்தில் வேர்க்கடலை போட்டால் பிடிக்காது, பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வைப்பாள் என்றாள். இளவேனில் ஒரு கையால் வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையின் விரல் காடிக்குள்ளேயே இருந்தது. எவர் கண்ணிலும் படாதபடி, அந்தக் காசை அது போகிற ஆழத்துக்கு உள்ளே தள்ளினாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தேசம்மாவை அடையாளம் கண்டு, ஏறவில்லையா என்று கேட்டார்.

"இன்னிக்கு இல்லப்பா," என்றாள் அவள். "கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன்."